பின்னை மனதுக்குள் இழுக்கவும்

கூர்னேஷ்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பாதுகாப்பு என்று ஒன்று வருவதற்கு முன்னால், பம்பு அறைக் கதவுக்குப் பின்புறம் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியில் விஷவாயுவைக் கண்டால் கத்துகிற மூன்று டிடெக்டர்கள் தொங்கும். மஞ்சள் பூச்சு உரிந்து பல்லிளித்தவை. ஒன்று மழைநாளில் வேலை செய்யாது. மற்ற இரண்டும் செய்யும். கழிவுநீர்க் குழியில் இறங்குகிறவன் ஒன்றை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்வான். அது கத்தினால் ஏறி வந்துவிடுவான், கத்தாவிட்டால் வேலையை முடிப்பான். இதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி வந்தது. ஆலையின் வாசலருகே கண்ணாடிச் சுவர்களோடு ஒரு பாதுகாப்புப் பயிற்சி மையம் எழும்பியது. புத்தம்புதிய டிடெக்டர்கள் ஒரு பெட்டி நிறைய வந்திறங்கின. ஆணியில் தொங்கியவை சான்றிதழ் இல்லாதவை என்று கழித்துக் கட்டப்பட்டன. புதியவற்றைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டினார்கள். நிதி கொடுத்தவர்கள் ஆண்டுதோறும் வந்து பார்க்கும்போது அவை நல்ல நிலையில் இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு பொருள் நல்ல நிலையில் இருக்கச் சிறந்த வழி அதை யாரும் தொடாமல் இருப்பதுதான் என்று ஆலை நிர்வாகம் ஆய்ந்து முடிவு செய்தது.

மையத்தின் தலைவராக ஒக்டேவியன் நியமிக்கப்பட்டார். அதற்கு முன் கருங்கடல் ஓரத்தில் ஆலையின் விடுமுறை விடுதியை நடத்திக்கொண்டிருந்தவர். அங்கே ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை என்பது அவருடைய தகுதி.

முதல் அணியில் இருபது பேரைச் சேர்த்தார்கள். சவேட்டாவும் அதில் ஒருத்தி. எண்ணெய்த் தொட்டிகளின் மேல் ஏறி, குப்பியில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பது அவள் வேலை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் இத்தாலியில் லாரி ஓட்டினான், ஈஸ்டருக்கு ஈஸ்டர் வருவான். புரியாததைக் கேட்டுவிடுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பம்பு மெக்கானிக் நிக்கோடிம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த பெரிய மீசைக்காரர். இளைத்திருந்தபோது வாங்கிய நீல மேலங்கியைப் பொத்தான் போடாமல் திறந்துவிட்டே மாட்டித் திரிவார்.

தீயணைப்புப் பாடத்தில் தீ இல்லை. மேசை விசிறி ஒன்றின் வாயில் சிவப்புத் துணியைக் கட்டி ஓடவிட்டிருந்தார்கள். துணி படபடவென்று மேலே பறந்தது.

"இதுதான் தீ" என்றார் ஒக்டேவியன்.

சவேட்டா கையைத் தூக்கினாள். "சார், நெஜத் தீயக் கொஞ்சமா ஒரு தட்டுல பத்த வெச்சுக் காட்டக் கூடாதா?"

"ஆலை வளாகத்துல தீ மூட்டறது தடைம்மா. பாதுகாப்பு மையமே அதை மீறினா ஊர் சிரிக்காதா?"

தீயணைக்கும் சிலிண்டரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். அதன் பிடியைப் பூட்டியிருக்கும் பின்னை இழுக்கக் கூடாது என்றார். பின்னை இழுத்தால் சிலிண்டர் பயன்படுத்தப்பட்டதாக ஆகிவிடும். சிலிண்டர் பயன்படுத்தப்பட்டால் அது ஒரு விபத்து. ஆலை வாசல் பலகையில் 'விபத்துகள்: இல்லை' என்று எழுதியிருந்தது.

"அப்ப எப்படி சார் அணைக்கறது?"

"பின்னை மனசுக்குள்ள இழுங்க. வாயால ஷ்ஷ்ஷ்னு சத்தம் குடுங்க. சத்தம் எவ்வளவு உறுதியா வருதோ அதுக்குத்தான் மார்க்."

சவேட்டா துணியின் முன் நின்று ஷ்ஷ்ஷ் என்றாள். ஒக்டேவியன் விசிறியை நிறுத்தினார். தீ அணைந்தது. எல்லோரும் கைதட்ட வேண்டியிருந்தது. நிக்கோடிமின் முறை வந்தபோது அவர் வாயைக் குவித்து விசில் அடித்தார்.

"என்னய்யா இது?"

"என் சிலிண்டர் கொஞ்சம் பழசு சார். ஓட்டை."

வாயுப் பாடத்தில் டிடெக்டரின் படத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். கசக்காமல் பார்க்கும்படி ஒக்டேவியன் கேட்டுக்கொண்டார். சவேட்டாவுக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது.

"இது கத்துனா எப்படி சார் கத்தும்?"

ஒக்டேவியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பீ... பீ... பீ..." என்று கத்திக் காட்டினார்.

நிக்கோடிம் அவள் காதருகே குனிந்தார். "இதக் கேட்டா குழிக்குள்ள இருக்கறவன் ஏறி வரமாட்டான் தங்கச்சி. சிரிச்சே செத்துருவான்."

தேர்வு நாளன்று கழிவுநீர்க் குழியின் பம்பு மக்கர் செய்தது. எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் வந்து சேர்கிற ஆழமான குழி அது. மேலே நின்று சரிசெய்யக்கூடிய கோளாறுதான், ஆனால் நாள் முழுக்க இழுத்தது. பாதுகாப்பைக் கற்றுக்கொள்ள எல்லோரும் போய்விட்டால் ஆலையை யாராவது ஓட்ட வேண்டுமே. அந்த யாராவது நிக்கோடிம் ஆனார்.

திறப்பு விழாவுக்குள் முதல் அணி நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்பது ஆலை இயக்குநரின் உத்தரவு. ஒக்டேவியன் சவேட்டாவின் மேசையில் இரண்டு வினாத்தாள் வைத்தார்.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு நிக்கோடிமுக்கு."

"அவருக்கு நான் எழுதறதா? தப்பில்லையா சார்?"

"ரெண்டு பேரும் ஒரே பாடத்தத்தானே கேட்டீங்க? அப்ப பதிலும் ஒண்ணுதானே வரணும்? இதுல தப்பு எங்கேருந்து வருது?"

சவேட்டா யோசித்தாள். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் தன்னுடையதை எழுதினாள். அதில் செய்த பிழைகள் எழுதி முடித்த பிறகுதான் உறைத்தன. அவற்றைத் திருத்தி நிக்கோடிமின் தாளை நிதானமாக எழுதினாள். அவளுக்கு எழுபது மதிப்பெண். நிக்கோடிமுக்குத் தொண்ணூறு. அணியிலேயே அதுதான் அதிகம்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் விடாத மழை. விழாவன்று வெயில். ஒன்றியத்திலிருந்து கோட்டு போட்டவர்கள் வந்தார்கள். மையத்தைப் புனிதப்படுத்தப் பாதிரியார் துளசிக் கொத்தும் தூபக் கலசமுமாக வந்தார். கலசத்தில் கரி கனன்றது. பயிற்சி தொடங்கிய நாள் முதல் அந்த மையத்துக்குள் நுழைந்த முதல் நெருப்பு அதுதான்.

அலமாரியில் இருந்த டிடெக்டர்களை அன்று மட்டும் முடுக்கி வைத்திருந்தார்கள், பச்சை விளக்கு மினுக்கினால் புகைப்படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று. பாதிரியார் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே அலமாரியின் திறந்த கதவுகளுக்குள் மூன்று தடவை தூபம் காட்டினார். டிடெக்டர்கள் ஒன்றுவிடாமல் அலறின.

ஒக்டேவியன் சொல்லிக் கொடுத்த சத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல்லுக்குள் துளை போடுகிற சத்தம். பாதிரியார் நின்றுவிட்டார்.

"நீங்க நடத்துங்க சாமி. அது தானா ஓய்ஞ்சுடும்" என்றார் ஒக்டேவியன்.

அது ஓயவில்லை. இயக்குநர் அதற்கு மேலாகவே தன் உரையைத் தொடங்கினார். "நமது ஆலையில் பாதுகாப்புக்கு முதலிடம். உற்பத்திக்கு அதற்கும் முந்தைய இடம். மனித உயிரைவிட விலைமதிப்புள்ளது எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கருவிகளை மனிதர்கள் கை படாமல் வைத்திருக்கிறோம்."

விருந்தினரில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, உண்மையிலேயே வாயுக் கசிவு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"பயப்படாதீங்க" என்றார் ஒக்டேவியன். "பயிற்சி அலாரம்னா நாம எல்லாரும் வெளிய போகணும். இது சும்மா உண்மையான அலாரம்தான்."

பிறகு அவரும் இரண்டு குமாஸ்தாக்களுமாக டிடெக்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரிகளைப் பிடுங்கினார்கள். கோட்டுப் பைகள் இரண்டும் புடைக்க, அலமாரியைப் பூட்டிவிட்டு ஒக்டேவியன் மேடையேறினார். அமைதி திரும்பியது. சிறந்த பயிற்சி பெற்றவர் என்று நிக்கோடிமின் பெயரைப் படித்தார்கள். இயக்குநர் அவர் சட்டையில் பொன்முலாம் பூசிய பதக்கத்தைக் குத்தினார்.

நிக்கோடிம் இறங்கி வந்து சவேட்டாவின் பக்கத்தில் நின்றார். "எதுக்கு தங்கச்சி இது?"

"தொண்ணூறு மார்க் வாங்கிட்டீங்கண்ணே."

"நானா? பள்ளிக்கூடத்துலகூட வாங்குனதில்லையே. மீதிப் பத்து எங்க போச்சு?"

"சிலிண்டர் என்ன கலர்னு ஒரு கேள்வி. சிவப்புன்னு எழுதிட்டேன். எச்சரிக்கைச் சிவப்புன்னு எழுதணுமாம்."

"அடப்பாவமே. நான் எழுதியிருந்தா நூறு வாங்கியிருப்பேன்" என்று அவர் மீசைக்குள் சிரித்தார்.

முற்றத்தில் நீள மேசைகள் போட்டு விருந்து வைத்திருந்தார்கள். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த இறைச்சி, மக்காச்சோளக் களி, பிளம் சாராயம். பாதி விருந்தில் மேசைகளின் காலடிக்குக் கறுப்புத் தண்ணீர் ஊர்ந்து வந்தது. முந்தைய நாள் மழையில் நிரம்பிய குழியில் பம்பு மறுபடி நின்றுவிட்டது. இந்தத் தடவை அடைப்பு கீழே, குழாயின் வாயில்.

ஒக்டேவியன் வேகமாக வந்தார். கோட்டு இல்லை, சட்டையோடு இருந்தார்.

"நிக்கோடிம், விருந்தாளிங்க ஷூ நனையறதுக்குள்ள கொஞ்சம் எறங்கிப் பாத்துருங்க."

"டிடெக்டர் ஒண்ணு குடுங்க, எறங்கறேன்."

"இப்ப எப்படிய்யா? அந்த அலமாரி முன்னாடிதான் எல்லாரும் படம் எடுத்துக்கிட்டு இருக்காங்க. பேட்டரி கோட்டுல இருக்கு, கோட்ட எங்க கழட்டிப் போட்டேன்னு தெரியல. ரெண்டு நிமிஷ வேலைதானே? உங்கள விடப் பயிற்சி உள்ள ஆள் இந்த ஆலையில யாரு இருக்கா?"

அப்படிக் கேட்கும்போது ஒக்டேவியன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நம்பிக் கேட்டார். தன் கையாலேயே போட்ட மதிப்பெண் அல்லவா.

நிக்கோடிம் மேலங்கியைக் கழற்றிச் சவேட்டாவிடம் கொடுத்தார். "வா, மேல நின்னு பேச்சுக் குடு" என்றார். பம்பு ஓடாதபோது அந்தக் குழியில் ஒருத்தர் இறங்கினால் மேலே ஒருத்தர் பேசிக்கொண்டே நிற்பது ஆலையின் பழைய வழக்கம். அதையும் யாரும் பயிற்சி என்று சொன்னதில்லை.

இரும்பேணியில் அவர் இறங்கினார்.

"அழுகின முட்ட நாத்தம் குடலப் புடுங்குது" என்று குரல் வந்தது.

"ஏறிடுங்கண்ணே. விருந்தாளிங்க வேணும்னா செருப்பக் கழட்டிக்கட்டும்."

"இரு. கந்தலக் கொண்டாந்து அடைச்சிருக்கானுங்க. இழுத்துட்டு வந்துடறேன்." கொஞ்ச நேரம் தண்ணீர் அலம்பும் சத்தம். பிறகு, "இப்ப நாத்தம் இல்ல. பரவால்ல, போயிடுச்சு."

நாற்றம் இருக்கிறவரைக்கும் பிழைப்பு இருக்கிறது, நாற்றம் நின்றால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம், அந்த ஆலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். நிக்கோடிமுக்கும் தெரியும். ஆனால் அந்த வாயு முதலில் மறக்கடிப்பது அதைத்தான்.

"அண்ணே, ஏறுங்க. அண்ணே."

ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அதைவிடக் கனமான ஏதோ தண்ணீரில் விழுந்தது.

அவள் ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள். காற்று முகத்தில் அறைந்தது, கண் எரிந்து பொங்கியது. இறங்கினால் தானும் அங்கேயே கிடப்போம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. காலை எடுத்தாள். மேலங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தின் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

பயிற்சி பெற்றவர்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு சிலிண்டர் கையில் இருந்தது. அதைக் கையில் பிடிப்பது ஒன்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. குழியைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒக்டேவியன் வந்து எல்லோரையும் கூடுமிடத்துக்குப் போகச் சொன்னார். அங்கே வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ணினார். ஓர் ஆள் குறைகிறது என்று அறிவித்தார்.

நகரத்துத் தீயணைப்பு வண்டி வந்தது. அவர்களிடம் டிடெக்டர் இருந்தது, முகமூடி இருந்தது. நிக்கோடிமைத் தூக்கி மேலே போட்டபோது அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மீசையிலிருந்து கறுப்பாகச் சொட்டியது.

விசாரணை பயிற்சி மையத்திலேயே நடந்தது. விசாரணைக் குழு உட்கார ஆலையில் வேறு நல்ல அறை இல்லை. சவேட்டாவை உள்ளே கூப்பிடும் முன் ஒக்டேவியன் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"அந்த ரெண்டாவது தாள் விஷயம் இங்க யாருக்கும் தெரிய வேண்டாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எழுத்து உன்னோடது. ஆள்மாறாட்டம் பண்ணது நீ. நான் வெறும் தாள வெச்சேன், அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒக்டேவியன் எழுந்து நின்று பேசினார்.

"எனக்கு இது தனிப்பட்ட இழப்பு. அவருக்கு நாங்க சொல்லிக் குடுக்காதது எதுவுமே இல்ல. மூடின குழிக்குள்ள டிடெக்டர் இல்லாம எறங்கலாமான்னு கேள்வி. கூடாதுன்னு எழுதியிருக்காரு. அழகான கையெழுத்துல எழுதியிருக்காரு. ஒண்ணும் தெரியாதவன் எறங்கியிருந்தா நாங்க பொறுப்பேத்துப்போம். எல்லாம் தெரிஞ்சவரு எறங்கினா நாங்க என்ன பண்ண முடியும்? அறியாமைக்கு எங்ககிட்ட மருந்து இருக்கு. அறிவுக்கு இல்ல."

குழுவினர் தலையசைத்தார்கள். பயிற்சி பெற்றவரின் அலட்சியமே காரணம் என்று எழுதி முடித்தார்கள். ஆலையின் மீது பிழையில்லை. பலகையில் இருந்த 'விபத்துகள்: இல்லை' என்பதை மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் விதி மீறி நடப்பது விபத்தில் சேராது.

கூர்னேஷ்டி சின்ன ஊர். படித்த மனுஷன் இப்படி முட்டாள்தனமாக இறங்குவானா என்று ரொட்டிக் கடையில் பேசினார்கள். குடித்திருந்தாரோ என்று ஒருத்தர் கேட்டார். மறுநாள் அது கேள்வியாக இல்லை.

நாற்பதாம் நாள் பூசைக்குச் சவேட்டா நிக்கோடிமின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பராஸ்கிவா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, சுருக்கமாகப் பேசியே பழகியவள். இறந்தவர்களுக்குப் படைக்க வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமையும் கலந்து கிளறிக்கொண்டிருந்தாள். சவேட்டா நீல மேலங்கியைத் துவைத்து மடித்துக் கொண்டு வந்திருந்தாள். அதை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, அந்தப் பரீட்சைய அவரு எழுதல. நான்தான் எழுதுனேன்."

பராஸ்கிவாவின் கரண்டி நின்றது. "என்ன பரீட்ச?"

சவேட்டா எல்லாவற்றையும் சொன்னாள். துணித் தீயை, இரண்டு தாளை, டிடெக்டர் கேட்டு அவர் நின்றதை, தாழ்வாரத்தில் ஒக்டேவியன் பேசியதை. தான் ஏணியிலிருந்து காலை எடுத்ததையும் சொன்னாள்.

"அவரு டிடெக்டர் கேட்டாரா?"

"கேட்டாருக்கா. என் காதால கேட்டேன்."

பராஸ்கிவா அடுப்பை அணைத்தாள். "நாப்பது நாளா அந்த மனுஷன நான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். "உன்னையும் திட்டணும். அத அப்புறம் வெச்சுக்கறேன். நாளைக்கு மாவட்டத் தலைநகருக்கு மொத பஸ்ல கெளம்பு. டிக்கெட் நான் எடுக்கறேன்."

தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் அவர்களை உட்காரவைத்துக் கேட்ட அதிகாரி நல்ல மாதிரி. முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாவு பத்தின கோப்பு மூடியாச்சும்மா, அதுல நான் கைவைக்க முடியாது" என்றார். "ஆனா பரீட்சையில ஆள்மாறாட்டம்னு சொல்றீங்களே, அது ரொம்பக் கடுமையான விஷயம். அத லேசுல விடமாட்டோம்."

விடவில்லை. சவேட்டாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. முதல் அணியின் தேர்வு செல்லாது என்று உத்தரவானது. அணியில் இருந்த அத்தனை பேரும் அடையாள அட்டையோடு நேரில் வந்து மறுபடி தேர்வு எழுத வேண்டும், அதிகாரி முன்னிலையில். இருபது பேருக்கான நிதியில் நடந்த பயிற்சி என்பதால் இருபது பேருக்கும் அழைப்பு அனுப்பினார்கள். நிக்கோடிமுக்கு வந்த அழைப்பில், வரத் தவறினால் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது.

தேர்வன்று ஒக்டேவியன் பெயர் வாசித்தார். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசிக்கிற வேகத்தில் நிக்கோடிமின் பெயரையும் வாசித்துவிட்டார்.

"இருக்காரு" என்று கடைசி வரிசையிலிருந்து பராஸ்கிவா எழுந்தாள். கறுப்பு முக்காடு போட்டிருந்தாள். கையில் அவர் அடையாள அட்டை.

"அம்மா, நீங்க எப்படி இங்க..." என்றார் ஒக்டேவியன்.

"கூப்பிட்டீங்க, வந்திருக்கேன். அவருக்குப் பதிலா வேற ஒருத்தர் எழுதறதுதான் இங்க வழக்கம்னு சொன்னாங்க."

ஒக்டேவியன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் காகிதங்களைப் பார்த்தார். விதிகளில் இதற்கு வழி எதுவும் இல்லை, தடையும் இல்லை. அவளை வெளியே அனுப்பினால் அழைப்பு எதற்கு அனுப்பினார்கள் என்று எழுத வேண்டியிருக்கும். கடைசியில் அவள் மேசையிலும் ஒரு தாளை வைத்தார்கள்.

பராஸ்கிவா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். சற்று நேரத்தில் கையைத் தூக்கினாள்.

"மூடின குழில எறங்கறதுக்கு முன்னாடி எதக் கையில எடுத்துக்கணும்னு கேட்டிருக்கு. டிடெக்டர்னு எழுதணும், அதானே?"

"விடை சொல்லக் கூடாதும்மா" என்றார் ஒக்டேவியன்.

"விடை வேண்டாம். அது எங்க இருக்குன்னு சொல்லுங்க."

ஒக்டேவியனின் கண்கள் அவருக்குத் தெரியாமலே கண்ணாடி அலமாரியின் பக்கம் போய் வந்தன. பராஸ்கிவாவும் அங்கே பார்த்தாள். வரிசையாக, ஒரு கீறல் இல்லாமல், அவை நின்றிருந்தன. அவள் வேறெதுவும் எழுதாமல் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். ஒக்டேவியன் அதை எடுத்துக் கோப்பில் சேர்த்தார். இருபதுக்கு இருபது பேரும் வந்திருந்தார்கள் என்று அதிகாரி குறித்துக்கொண்டார். இருவர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது.

பராஸ்கிவா சவேட்டாவின் மேசையருகே நின்றாள்.

"அந்தக் குழி எங்க இருக்கு? நான் பாத்ததே இல்ல."

சவேட்டா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். தேர்வு முடியாமல் எழுந்தால் தோல்வி என்று ஒக்டேவியன் பின்னாலிருந்து சொன்னார். அவள் காதில் அது விழுந்தது.

முற்றத்தைக் கடந்து பம்பு அறைக்குப் பின்னால் போனார்கள். குழியின் இரும்பு மூடி அருகே புதிதாக ஒரு பலகை: 'உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்.' மூடியை நெம்புவதற்குக் கடப்பாரையோடு ஓர் ஆள் குனிந்திருந்தான். நிக்கோடிமின் இடத்துக்கு வந்த புது மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். குழாயில் மறுபடி அடைப்பு என்றான்.

"டிடெக்டர் எங்கப்பா?" என்று பராஸ்கிவா கேட்டாள்.

"பரீட்ச முடிஞ்சவங்களுக்குத்தான் தருவாங்களாம்கா. எனக்கு அடுத்த அணியிலதான் பேரு. ரெண்டு நிமிஷ வேல."

பராஸ்கிவா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இரும்பு மூடியின் மேல் உட்கார்ந்தாள். அவன் திகைத்துச் சவேட்டாவைப் பார்த்தான். சவேட்டாவுக்குத் தான் கால் வைத்து எடுத்த அந்த முதல் படி எங்கே இருக்கிறது என்று தெரியும், இந்த மூடிக்கு நேர் கீழே. அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் இரும்பு சுட்டது. எழவில்லை.

கறுப்புத் தண்ணீர் முற்றத்தில் பரவத் தொடங்கியது. செய்தி போய், ஒக்டேவியன் வந்தார். தேர்வெழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர் பின்னால் வந்தார்கள். அதிகாரி தள்ளி நின்றார்.

"ஹெல்மெட் இல்லாம இந்த இடத்துல ஒக்காரக் கூடாதும்மா" என்றார் ஒக்டேவியன்.

யாரோ ஒருவர் தன் தலையிலிருந்ததைக் கழற்றி நீட்டினார். பராஸ்கிவா அதை வாங்கி முக்காட்டின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. எங்களுக்கும் அது பேரிழப்புதான். ஆனா உற்பத்தி நின்னுபோச்சுன்னா..."

"பேசாதீங்க" என்றாள் பராஸ்கிவா. டிக்கெட் ஜன்னலில் பேசுகிற அதே குரல். "போய் எடுத்துட்டு வாங்க. பேட்டரி போட்டு எடுத்துட்டு வாங்க."

ஒக்டேவியன் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. தண்ணீர் அவர் ஷூவைத் தொட்டது. அவர் சாவியைத் தேடிப் பைகளைத் தடவிக்கொண்டே திரும்பினார். முற்றத்தில் ஓடுவது பாதுகாப்பு விதிகளுக்கு எதிரானது என்பதால், நடந்தே போனார்.